வலியின் மதிப்பு

(கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்துக் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் பொருட்டு நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கரிசல் சீமையில் முன்னாளில் புஞ்சைக்குப் போகும் சம்சாரியின் இடுப்பில் முள்வாங்கி ஒன்று தவறாமல் இருக்கும். கருவேல முள் தைத்த மாத்திரத்தில் மனிதன் நின்றுவிடுவான், ஏரும் நின்றுவிடும். பொழியில் உட்கார்ந்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து, முள்ளை வாங்கி எறிந்த பிறகே அவன் மறுபடியும் மேழியைப் பிடிப்பான். அந்த வேளையில் அவன் முள்ளையும் ஏசுவான், வலியையும் ஏசுவான். வலி என்ற ஒன்று உலகத்தில் இல்லாதிருந்தால் எவ்வளவு சுகமாயிருக்கும் என்றும் எண்ணுவான்.

அவன் விரும்பியபடியே வலியில்லாத கால் ஒன்று அவனுக்கு வாய்த்தால் அதன் கதி யாதாகும்? முள் தைத்தது அவனுக்குத் தெரியாது. தைத்த முள்ளின் மேலேயே நாள் முழுதும் நடப்பான். இரண்டாம் நாள் வீங்கும். நான்காம் நாள் சீழ் பிடிக்கும். அப்போதும் அவன் நடப்பான். புண் எலும்பு வரையில் சென்ற பின்னர் நாற்றத்தைக் கொண்டே அவன் அதை அறிவான். முடிவில் முள்ளை வாங்க வேண்டிய இடத்தில் காலையே வாங்க நேரிடும்.

இது கற்பனையன்று. தொழுநோய் கண்ட பல லட்சம் மக்களின் கைகால்கள் இவ்விதமாகவே அழிந்தன. இந்த உண்மையை நெடுங்காலம் ஆராய்ந்து உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் தமிழ்நாட்டு மலையொன்றில் பிறந்த ஓர் ஆங்கில வைத்தியர். டாக்டர் பால் பிராண்ட் என்பது அவர் பெயர். அவர் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. கடவுள் மனிதனுக்கு அளித்த கொடைகளில் வலியும் ஒன்று என்று சொல்லி, அதற்காக நன்றி செலுத்தியவர். அவருடைய வாழ்க்கையும் சிந்தனையும் எந்த மதத்தைச் சார்ந்தவர்க்கும் பயன்படத்தக்கவை. கூட்டுறவு இயக்கத்தில் சேர்ந்தவர்களுக்கோ அவை விசேஷமாகப் பயன்படும். அதன் காரணம் பேச்சு முடிவதற்குள் விளங்கும்.

கொல்லிமலையில் கற்ற பாடங்கள்

இன்று நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்துள்ள கொல்லிமலையில், 1914ஆம் ஆண்டு ஜூலை மாதம் பால் பிராண்ட் பிறந்தார். அவருடைய தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் ஈவ்லின் பிராண்ட் ஆகிய இருவரும் மிஷனரிகள். தந்தை கட்டட வேலை தெரிந்தவர். உஷ்ணதேசத்து வியாதிகளுக்குரிய வைத்தியத்தையும் ஓரளவு கற்றுவந்தவர். வீடு கட்டுவதும், பல் பிடுங்குவதும், கட்டி அறுப்பதும், பிரசங்கம் செய்வதும் எல்லாம் அவருக்கு ஒரே ஊழியமாகவே இருந்தன.

அக்காலத்தில் அம்மலையில் நரம்புச் சிலந்தி என்னும் புழுவியாதி மிகுந்திருந்தது. கரிசல் நாட்டுப் பெரியோர்களுக்கும் அப்பெயர் தெரிந்திருக்கலாம். படிக்கிணற்றில் காலை நனைத்து நீர் மொள்ளும்போது, வியாதியஸ்தன் காலிலுள்ள புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அவற்றைச் சிறு நீர்ப்பூச்சிகள் விழுங்கும். அந்நீரை வடிகட்டாமல் பருகுபவன் உடலில் அவை வளர்ந்து, ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்துக் காலில் கொப்புளமாகி வெளிப்படும். தந்தையார் அந்தப் புழுவைச் சிறு குச்சியில் சுற்றி நாளுக்குச் சிறிதாக வெளியே இழுப்பதைச் சிறுவன் பால் அருவருப்போடு பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வியாதிக்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. கிணற்றுக்குச் சுவர் எடுப்பது, படியை அடைப்பது, நீரைத் துணியால் வடிகட்டுவது என்ற மூன்று காரியங்களைக் கிராமத்தார் ஒன்றுகூடிச் செய்தது அது ஒழிவதற்குப் பெரிதும் உதவிற்று. இந்தியாவில் கடைசி வியாதியஸ்தர் 1996இல் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் இத்தேசம் அவ்வியாதி நீங்கிய தேசம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. தனி மனிதனால் ஆகாத காரியம் ஊர் கூடினால் ஆகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சிறுவன் மனத்தில் பதிந்த மற்றொரு காட்சி உண்டு. ஒரு நாள் தொழுநோய் கண்ட மூவர் மலையேறி வந்தனர். எத்தகைய புண்ணையும் வெறுங்கையால் தொட்டுக் கழுவும் தந்தையார் அன்று கையுறை அணிந்துகொண்டார். குழந்தைகளை விலகியிருக்கச் சொன்னார்கள். வந்தவர்கள் சென்ற பிறகு, அவர்கள் உட்கார்ந்த இடத்தில் விளையாடலாகாது என்று கட்டளை பிறந்தது. அன்புமிக்க அந்தக் குடும்பத்தையும் அச்சம் அன்று விடவில்லை. அக்காலத்து அறிவு அவ்வளவே. அந்த அச்சத்தை அறிவினால் வெல்லும் பணி அந்தச் சிறுவனுக்கே பின்னாளில் வாய்த்தது.

தச்சர் வைத்தியரானது

பால் 9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை மலையிலேயே மலேரியாவைச் சார்ந்த கடுஞ்சுரத்தால் இறந்தார். மரணச் செய்தி தந்தியில் வந்தது. தந்தை உயிரோடிருந்தபோது எழுதியிருந்த கடிதம், கப்பல் வழியாகப் பிற்பாடே மகன் கையில் சேர்ந்தது. தாயார் ஈவ்லின் மலைமக்களை விட்டுப் போக மனமின்றி, முதுமையிலும் மட்டக்குதிரையில் மலைக்கு மலை சென்று பணி செய்து, 1974இல் தமது 95ஆவது வயதில் காலமானார்.

சீழும் இரத்தமும் கண்டு சிறு வயதில் அருவருத்த பால், வைத்தியம் வேண்டாமென்று கட்டட வேலைக்குப் போனார். சில ஆண்டுகள் கொத்துவேலையும் தச்சுவேலையும் பழகினார். பின்னர்த் தந்தை கற்றது போன்ற மிஷனரி வைத்தியப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தபோது அவர் மனம் மாறிற்று. லண்டனில் வைத்தியம் படித்து, யுத்த காலத்துக் குண்டுவீச்சில் காயமுற்றவர்களுக்குச் சிகிச்சை செய்து ரண வைத்தியத்தில் தேர்ச்சி பெற்றார். 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவர் மனைவி மார்கரெட் பிராண்டும் வைத்தியரே. பின்னாளில் கண் வைத்தியத்தில் புகழ்பெற்றார்.

மூடிய கையின் வலிமை

1947இல் செங்கற்பட்டையடுத்த தொழுநோய் ஆரோக்கிய நிலையத்துக்கு டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துச் சென்றார். பருந்தின் கால் நகம்போல் மடங்கி, விரித்தற்கியலாத கைகளை அங்கே பிராண்ட் கண்டார். எலும்பு முரிவுக்கும் முடத்துக்கும் வைத்தியம் செய்பவர் எவராவது இக்கைகளை ஆராய்ந்ததுண்டா என்று அவர் வினவியபோது, எவரும் இல்லை என்று விடை கிடைத்தது. பிராண்ட் ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கும்படி சொன்னார். அப்பிடியின் வலிமையால் அவருக்கே கை நொந்தது. கெட்டுப்போனது என்று உலகம் கைவிட்ட கையில் இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது?

இந்த ஒரு கேள்வியிலிருந்தே பின்னர் நடந்தவை யாவும் பிறந்தன. தொழுநோய்க் கிருமி தோலுக்கு அருகே, குளிர்ச்சியான இடங்களில் ஓடும் நரம்புகளைத் தாக்குகிறது. முழங்கைக்கு மேலே கிளைபிரியும் நரம்புகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆகையால் முன்கையின் தசைகளில் நல்லவை பல மிஞ்சியிருக்கும். அந்த நல்ல தசைநாரை எடுத்து, செயலற்ற விரலோடு இணைத்தால் விரல் மறுபடியும் அசையும். 1948 முதல் இம்முறையில் அவர் சிகிச்சை செய்யலானார். பொது வைத்தியசாலைகள் தொழுநோயாளரைச் சேர்க்கத் தயங்கிய காலம் அது. அவர்கள் தசை கெட்டது, தைத்தால் ஆறாது என்று படித்தவர்களும் நம்பினர். தைத்த புண் ஆறிற்று. மடங்கிய விரல் நிமிர்ந்தது.

கை நிமிர்ந்ததும் புதியதொரு கஷ்டம் தோன்றிற்று. சிகிச்சை பெற்றவர்களுள் ஒருவர் திரும்பி வந்து, இவை பிச்சை எடுப்பதற்கு உதவாத கைகள் என்று குறைபட்டார். முடமான கையைக் கண்டு காசு போட்டவர்கள் நல்ல கையைக் கண்டு போடவில்லை. அவருக்குக் குடியிருக்க வீடும் கிடைக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. ரண வைத்தியம் மட்டும் போதாது, பிழைக்கும் வழியும் வேண்டும் என்று பிராண்ட் அப்போது தெளிந்தார். வேலூரில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு எழுந்தது. வீணாகக் கழிந்தன என்று அவர் நினைத்திருந்த தச்சுவேலை ஆண்டுகள் அங்கே பயன்பட்டன. வைத்தியரே தச்சாசிரியராகி உளியும் வாளும் பிடிக்கக் கற்பித்தார்.

எலியும் பூட்டும்

நவஜீவ நிலையத்தில்தான் அவர் தம் பெரிய உண்மையைக் கண்டார். தொழுநோய் விரல்களை அழுகி உதிரச் செய்கிறது என்பது உலகெங்கும் நிலவிய நம்பிக்கை. கிருமி தசையைத் தின்கிறது என்று எல்லாரும் எண்ணினர். பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் கேட்கத் தொடங்கினார். சுத்தியல் பிடித்ததனால் ஒரு புண். சூடான பாத்திரத்தைத் தூக்கியதனால் ஒரு புண். பிசிர் நிறைந்த கைப்பிடியினால் ஒரு புண். தானே தோன்றிய புண் என்று ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு நாள் சாமான் அறையின் துருப்பிடித்த பூட்டு அவருக்குத் திறக்கவில்லை. பத்து வயது மதிக்கத்தக்க நோயாளிச் சிறுவன் ஒருவன் முன்வந்து, விரலால் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். வைத்தியர் அவன் வலிமையை வியந்து நிற்கையில் தரையில் இரத்தத் துளிகளைக் கண்டார். சிறுவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கோ அது தெரியவே தெரியாது. எந்த மனிதனும் தன் விரல் கிழியும்வரை சாவியைத் திருக மாட்டான். வலி அவனைத் தடுத்துவிடும். அச்சிறுவனைத் தடுக்க யாரும் இல்லை.

வேறு சிலருக்கு இரவில் இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. இரவெல்லாம் விழித்துக் காவல் காத்தபோது காரணம் தெரிந்தது: எலி வந்து உணர்ச்சியற்ற விரலைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது, தூங்குபவன் அசையவில்லை. அன்று முதல் நிலையத்தை விட்டு வீடு செல்லும் ஒவ்வொருவரும் ஒரு பூனையைக் கொண்டு செல்ல வேண்டும் என்று விதி ஏற்பட்டது. உலகப் புகழ் பெற்ற ஓர் ஆராய்ச்சியின் பயனாகக் கிடைத்த மருந்துகளில் ஒன்று பூனைக்குட்டி!

ஆகவே கையையும் காலையும் அழித்தது கிருமி மட்டுமன்று. காவலற்ற அன்றாட வேலையே பெரும்பகுதியை அழித்தது. கிருமி செய்ததெல்லாம் காவற்காரனாகிய வலியை நீக்கியதுதான். இதை அறிந்த பின் பரிகாரமும் எளிதாயிற்று. நாள்தோறும் கைகாலைக் கண்ணால் பார்த்தல், மிருதுவான ரப்பர் வைத்த செருப்பு, பிடிக்குத் துணி சுற்றிய பாத்திரம், புண்பட்ட காலுக்குக் கட்டுப்போட்டு ஓய்வு: இவை கோடிக்கணக்கான பணம் வேண்டாத காரியங்கள்.

வைத்தியரின் விசுவாசம்

இத்தனைக்கும் அவர் தெய்வ நம்பிக்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அதற்கு அவர் வாழ்க்கையிலேயே விடை உள்ளது.

ஒரு முறை அமெரிக்கப் பிரயாணம் முடித்து லண்டன் வந்து சேர்ந்த இரவில், செருப்பைக் கழற்றும்போது தம் குதிகால் ஒன்றில் உணர்ச்சி இல்லாததைப் பிராண்ட் உணர்ந்தார். ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. நோயாளிகளிடையே நெடுநாள் பழகியவராதலால், தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்றே முடிவு செய்தார். மனைவியையும் மக்களையும் பிரிய வேண்டுமே என்ற கலக்கத்தில் இரவு முழுதும் உறக்கமில்லை. விடிந்ததும் மறுபடியும் ஊசியை எடுத்து ஆழமாகக் குத்தினார். சுரீரென்று வலித்தது. ரெயிலில் நெடுநேரம் அசையாதிருந்ததால் நரம்பு மரத்திருந்ததேயன்றி வேறில்லை. அந்த வலியைப் போல் இனிமையானதொன்றைத் தாம் அனுபவித்ததில்லை என்று அவர் பின்னாளில் கருதினார். அதற்காக உள்ளம் நிறைந்து கடவுளுக்கு நன்றி கூறினார். தம் நோயாளிகள் ஒவ்வோர் இரவும் அனுபவிக்கும் திகிலையும் அன்றுதான் முழுமையாக அறிந்தார்.

பிரார்த்தனை செய்தால் மருந்து வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் அவர் சேரவில்லை. காயம் ஆறுவதும், எலும்பு கூடுவதும், இரத்தம் உறைவதும் கடவுள் உடலுக்குள்ளேயே வைத்திருக்கும் ஏற்பாடுகள். வைத்தியன் அந்த ஏற்பாட்டுக்குத் துணைநிற்பவனே தவிர ஆற்றுபவன் அல்லன் என்பது அவர் எண்ணம். தெய்வத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுப் புண்ணைக் கழுவாதிருப்பது பக்தியாகாது. உலகில் உள்ள துன்பத்துக்கெல்லாம் முழு விடையும் தமக்குத் தெரிந்தது போலவும் அவர் பேசியதில்லை. தீராத வலியால் துடிப்பவரிடம் சென்று வலி நல்லது என்று உபதேசிக்கவும் இல்லை. அவர்களுடைய வலியைத் தணிப்பதும் அவர் தொழிலாகவே இருந்தது.

வைத்தியசாலை ஒன்றில் அவர் ஒரு நோயாளியின் தோளில் கைவைத்து, செய்யப்போகும் சிகிச்சையை விளக்கினார். அம்மனிதர் விம்மி அழத் தொடங்கினார். தாம் ஏதேனும் தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று பிராண்ட் உதவியாளரை வினவினார். பல ஆண்டுகளாக எவரும் தம்மைத் தொட்டதில்லை. இன்று தொட்டீர்கள், அதனால் அழுகிறார் என்று உதவியாளர் கூறினார். ஏசுநாதர் தொழுநோயாளரைத் தொட்டார் என்று வேதத்தில் படித்தவருக்கு, அது ஏன் எழுதப்பட்டது என்பது அன்று விளங்கிற்று. தந்தையார் அன்று அணிந்த கையுறை மகன் கையிலிருந்து கழன்ற நாள் அது எனலாம்.

உடலும் சங்கமும்

சபை ஒரு சரீரம் போன்றது. ஓர் அவயவம் துன்புற்றால் மற்ற அவயவங்களும் அதனோடு துன்புறும் என்பது பவுல் அப்போஸ்தலர் கூறிய உவமை. பிராண்ட் இவ்வுவமையை வைத்தியனுக்குரிய கண்ணோடு ஆராய்ந்தார். சுண்டுவிரலில் பட்ட காயத்துக்காகத் தலை திரும்புகிறது, கண் பார்க்கிறது, மற்றக் கை ஓடி வந்து பிடித்துக்கொள்கிறது. வலி இருக்கும் வரையில் சுண்டுவிரல் உடலின் அங்கம். வலி போய்விட்டால் அதுவே மனிதனுக்கு அன்னியப் பொருளாகிவிடுகிறது. தம் கைகால்கள் தமக்குச் சொந்தமல்லாத கருவிகள் போலத் தோன்றுகின்றன என்று நோயாளிகளே சொல்லக் கேட்டார்.

கூட்டுறவு இயக்கத்தின் அடிப்படையும் இதுவே. ஜெர்மனி தேசத்தில் ரைபைசன் என்னும் கிராமத் தலைவர், 1860களில் ஏழை விவசாயிகளுக்காக நாணய சங்கங்களைத் தொடங்கினார். அவரும் கிறிஸ்தவ பக்தியிலிருந்து இப்பணிக்கு வந்தவரே. ஒருவர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு என்பது அவர் வகுத்த விதி. ஒருவர் தவணை தவறினால் மற்றவர்க்கு நோகும். நோவதனால் அண்டை வீட்டுக்காரன் விசாரிப்பான். விசாரிப்பதனால் கஷ்டம் முற்றுவதற்கு முன்பே உதவி கிட்டும். சென்னை மாகாணத்துக்கு இம்முறையைச் சிபாரிசு செய்து சர் பிரடரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் அறிக்கை வெளியிட்டார். 1904இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவிலுள்ள கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கே செயற்கை வலி ஒன்றை உண்டாக்க முயன்றார். உணர்ச்சியற்ற கைக்கும் காலுக்கும் நுண்கருவிகள் பொருத்திய உறைகளைச் செய்தனர். ஆபத்தான அழுத்தம் ஏற்பட்டால் மணி ஒலிக்கும், விளக்கு எரியும், அல்லது சிறு மின் அதிர்ச்சி உண்டாகும். பல ஆண்டு உழைப்பும் பெரும் பொருளும் செலவாயின. முடிவில் அம்முயற்சி தோற்றது. கருவி பழுதுபட்டது ஒரு காரணம்; மற்றொரு காரணமே கவனிக்கத்தக்கது. வேலைக்கு இடைஞ்சலாக எச்சரிக்கை வந்தபோதெல்லாம் நோயாளி கருவியை நிறுத்திவிட்டுக் காரியத்தைச் செய்துகொண்டான்! மனிதன் விருப்பப்படி நிறுத்தக்கூடிய வலி, வலியே அன்று என்று பிராண்ட் முடிவு கட்டினார்.

சங்கத்தின் தணிக்கை அறிக்கை அத்தகைய வலியாகும். தவறிய தவணை, இருப்பில் குறைவு, எடையில் வித்தியாசம் என்று அது குத்துகிறது. குத்தும்போது கசக்கிறது. பழைய கடனைப் புதுக்கடனாக எழுதிக் காகிதத்தில் வசூல் காட்டும் நிர்வாகிகள், இடைஞ்சலான கருவியை நிறுத்திவிட்ட நோயாளிக்கு ஒப்பாவார்கள். பேரேட்டில் வலி தெரியாது. சங்கமோ விரல் விரலாகக் குறையும். எலி எங்கிருந்து வந்தது என்று பிறகு கேட்பதில் பயனில்லை.

இன்று அறிய வேண்டியவை

தொழுநோய் இன்று பூரணமாகக் குணமாகக்கூடிய வியாதி. கிருமியை 1873இல் நார்வே தேசத்து ஹான்சன் கண்டார். 1980களின் தொடக்கத்திலிருந்து பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை வழங்கப்படுகிறது. நோயின் அளவுக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ உட்கொண்டால் போதும்; அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் இனாமாகவே கிடைக்கும். மருந்து தொடங்கிய சின்னாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை நீங்கிவிடுகிறது. மக்களில் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோயை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. இது சாபமும் அன்று, பூர்வ பாவமும் அன்று, பரம்பரை வியாதியும் அன்று.

2005இன் முடிவில், 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா எட்டிற்று. ஆயினும் இன்னும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் புதிதாக இந்நோய் காணப்படுகிறது. உலகத்தில் காணும் புது நோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் இத்தேசத்தாரே. நோயாளரை ஒதுக்கி வைக்க இடமளித்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. இந்நோயைக் காரணமாகக் காட்டி விவாகத்தை ரத்து செய்யும் ஏற்பாடும் 2019இல் நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து போன அச்சம் கிராமத் தெருவிலிருந்து இன்னும் முற்றிலும் போகவில்லை. வெளுத்ததோ சிவந்ததோ ஆன படை ஒன்றைத் தோலில் கண்டவர் அதை வேட்டியாலும் சேலையாலும் மறைத்துக்கொள்கிறார். மகளின் கலியாணம் நின்றுபோகும் என்று அஞ்சுகிறார். மறைத்த ஒவ்வொரு மாதமும் நரம்பு கெடுகிறது. மருந்து கிருமியைக் கொல்லும். இறந்த நரம்பை எழுப்பாது. ஆகவே அவர் கையைப் பறித்தது நோயன்று, ஊராரின் பேச்சே.

கார்வில்லில் இருந்தபோது பிராண்ட் மற்றொன்றையும் எடுத்துக் காட்டினார். நீரிழிவுக்காரர்களின் காற்புண்ணும் இதே விதமாக, உணர்ச்சி மரத்ததனால் விளைவதே. கரிசல் கிராமங்களிலும் சர்க்கரை வியாதி புகுந்து நெடுநாளாயிற்று. மரத்த காலோடு, வெயிலில் காய்ந்த தரையிலும் சீமைக் கருவேல் முள்ளிலும் செருப்பின்றி நடப்பவர் தம் காலைத் தாமே பணயம் வைப்பவராவார். வேலூரில் தொழுநோயாளர் கற்ற பாடம் இன்று எல்லா வீட்டுக்கும் வேண்டியதாகிவிட்டது.

ஒரு கைப்பிடி மண்

பிராண்ட் கொல்லிமலைச் சிறுவனாயிருந்தபோது நடந்த ஒன்றை முதுமையில் நினைவுகூர்ந்து எழுதினார். பிள்ளைகள் நெல்வயலில் தவளை பிடித்து விளையாடினர். சேறு கலங்கி, மடை வழியே கீழ்வயலுக்கு ஓடிற்று. தடியூன்றி வந்த கிழவர் ஒருவர் கைநிறையச் சேற்றை அள்ளிக் காட்டி, இது என்ன, இதில் எவ்வளவு நெல் விளையும் என்று கேட்டார். தெளிந்த நீர் ஓடினால் கவலையில்லை. கலங்கிய நீர் ஓடினால் குடும்பத்தின் சோறு ஓடுகிறது, ஆற்றுக்குப் போன மண் மலைக்குத் திரும்பாது என்ற கருத்தை அப்பிள்ளைகளுக்கு உணர்த்திச் சென்றார். தாம் கற்ற பாடங்களில் அதையும் ஒன்றாகப் பிராண்ட் மதித்தார். பின்னாளில் மண் அரித்துக் கல் தெரிந்த மலைச் சரிவுகளைக் கண்டு வருந்தினார்.

அவர் பங்குகொண்டு வளர்த்த காரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் 1955இல் வேலூருக்கு அருகே மரமற்ற கற்பாங்கான நிலத்தில் அமைந்தது. அங்கே பணிபுரிந்த டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்ஷி என்னும் வைத்தியர், நோயாளிகளின் கையை நிமிர்த்தியதோடு, சரிவுக்குக் குறுக்கே வரப்பிட்டு மழைநீரைத் தேக்கி, மரக்கன்றுகள் நட்டு, அவ்விடத்தைச் சோலையாக்கினார். நிலமும் ஓர் உடல். ஐப்பசி மழையில் புஞ்சையிலிருந்து கருத்த நீர் ஓடைக்கு ஓடுவது அதன் காயம். அக்காயம் நோவதை உணரும் சம்சாரி பொழியை உயர்த்துவான். உணராதவன் நிலம் விரல் விரலாகக் குறையும்.

செய்ய வேண்டியவை

அங்கத்தினர்களே! கேட்டவை செயலாக வேண்டுமாயின் பின்வருவன போதும்.

வீட்டிலுள்ள ஒவ்வொருவர் தோலையும் ஆண்டுக்கு இருமுறையேனும் வெளிச்சத்தில் பாருங்கள். உணர்ச்சி குன்றிய படை காணப்பட்டால் கோழியிறகின் நுனியால் தொட்டுப் பார்த்து, தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நீரிழிவு உள்ளவர் இரவு படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள். கண் தெரியாத முதியோருக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். மிருதுவான செருப்பு ஆடம்பரமன்று. அது உழவுக் கருவிகளுள் ஒன்று.

தொழுநோய் இருந்து குணமானவர், சிகிச்சையில் இருப்பவர் எவரையும் சங்கத்தின் பெஞ்சியிலிருந்து எழுப்பாதீர்கள். அவர் கையெழுத்திடும் பேனாவை அடுத்தவர் வாங்கிக் கையெழுத்திடும்போதுதான் அந்தச் சங்கம் கூட்டுறவுச் சங்கம் ஆகும். அவர் விரல் மடங்கியிருந்தால் சிகிச்சைக்குச் செல்லத் துணை செய்யுங்கள். நிமிர்ந்து திரும்பினால் கறவை மாட்டுக் கடனையோ தொழில் கடனையோ மற்றவர்க்குக் கொடுப்பது போலவே கொடுங்கள்.

மகாசபைக் கூட்டத்தில் தணிக்கை அறிக்கையை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கசக்கும் வரியில்தான் முள் இருக்கிறது.

பால் பிராண்ட் 2003 ஜூலை 8ஆம் தேதி அமெரிக்காவில், 88ஆவது வயதில் காலமானார். நிமிர்த்திய விரல்களும், கற்பித்த மாணவர்களும், வலியைப் பற்றி எழுதிய நூல்களும் அவர் விட்டுச் சென்ற செல்வம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது பழமொழி. தனக்கு வராத தலைவலியையும் தெரிந்துகொள்பவனே நல்ல வைத்தியன். அவனே நல்ல அங்கத்தினனும் ஆவான். ஊரில் ஒருவர் காலில் தைத்த முள் ஊருக்கே நோகுமாயின், அவ்வூரில் முள்வாங்கியும் தயாராயிருக்கும். அதைப் பிடிக்கும் கையும் தயாராயிருக்கும்.